வேறு கோணம் கைவசம் இல்லை

பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் முக்கோணவியல் பாடத்தில் குடியிருப்பவர்களைப் போல வேலைவெட்டி இல்லாதவர்களை வேறெங்கும் பார்க்க முடியாது. ஒருவர் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நின்று கப்பலை இறக்கக்கோணத்தில் பார்க்கிறார். இன்னொருவர் கோபுரத்தை ஏற்றக்கோணத்தில் பார்த்துவிட்டு, கொஞ்சம் நடந்துபோய் மறுபடியும் பார்க்கிறார். கப்பல்களும் சமத்து, பெரும்பாலும் 30, 45, 60 பாகையில்தான் வந்து நிற்கும். தப்பித்தவறி 27 பாகை வந்துவிட்டால், டேன் மதிப்பை அடைப்புக்குறிக்குள் வைத்து ஊட்டிவிடுவார்கள்.

அந்தக் கோணத்தை அளந்தது யார்? எதை வைத்து? பாகைமானியில் நூலைக் கட்டிக் கல்லைத் தொங்கவிட்டால் பள்ளிக் கொடிக்கம்பத்தின் உயரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் கொடிக்கம்பத்துக்குப் பொதுத்தேர்வில் மதிப்பெண் கிடையாது. ‘நிறுவுக’ கணக்குக்கு உண்டு.

இத்தனைக்கும் 1802-ல் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு அளந்துதான் நில அளவையாளர் லாம்டன் இந்தியாவை முக்கோணம் முக்கோணமாக அளக்கத் தொடங்கினார். 1808-ல் கோணம் அளக்கும் கருவியான, அரை டன் எடையுள்ள தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி நசுங்கியது. ஒரு கோணத்துக்காக மனிதர் பட்ட பாடு அது. நம் பிள்ளைகளுக்கோ கோணம் ரேஷன் அரிசி மாதிரி, எடை போட்டே வந்துவிடுகிறது.

கூத்து முற்றுவது பதினொன்றாம் வகுப்பில். செங்கோண முக்கோணத்துக்குள் 90 பாகை தாண்டாமல் பொத்திப் பொத்தி வளர்த்த சைன், இயற்பியலின் அலைவுகள் பாடத்தில் நேரத்தோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. “சார், இதுல கர்ணம் எங்க?” என்றால், “கணக்கு சாரைக் கேளு.” கணக்கு சாரைக் கேட்டால், “அது பிசிக்ஸ்.” அடுத்து ஊசல்: கோணம் சிறியதானால் சைன் தீட்டாவும் தீட்டாவும் ஏறக்குறைய சமமாம். பிள்ளை அம்மாவின் செல்போனில் சைன் 10 பாகையைத் தட்டுகிறது. 0.1736. இது எப்படி 10 ஆகும்? ரேடியனில் 10 பாகை என்பது 0.1745 என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். போர்ஷன் முடிக்க வேண்டுமே!

கணக்கே எடுக்காத தாவரவியல், விலங்கியல் பிரிவுப் பிள்ளைகளுக்கும் இதே இயற்பியல் புத்தகம், இதே ஊசல். அலகு வட்டத்தைக் கண்ணால் பார்க்காமலே அவர்கள் நீட் எழுத வேண்டும். கணக்குப் புத்தகக் குழுவும் இயற்பியல் புத்தகக் குழுவும் ஒரே மேசையில் ஒரு டீ குடித்திருந்தால் தீர்ந்திருக்கும். அந்த டீச் செலவை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்று கோப்பு இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது போலும்.