பொமேரியன் சார்

காலையில் ஒரு வெள்ளை நாய், முழங்கால் வலிக்காரர் ஒருவரைத் தெருவில் இழுத்துக்கொண்டு போனால், அவர்தான் பொமேரியன் சார். எந்த ஊரிலும் இரண்டு தெருவுக்கு ஒருவராவது தேறுவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், பிள்ளைகள் வெளிநாட்டில். நாயின் பெயர் ஸ்நோயி. "அழகா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் பிழைத்தீர்கள். "என்ன ஜாதி சார்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டால் ஆபீசுக்கு அரை நாள் லீவுதான்.

"ப்யூர் பொமேரியன். விக்டோரியா மகாராணி வளர்த்த ஜாதி!"

மகாராணி வளர்த்தது உண்மை. பால்டிக் கடலோரத்துப் பொமரேனியாவின் பெயரைச் சுமக்கும் அந்த நாய்கள் ஒரு காலத்தில் இன்னும் பெரியவை. 1888இல் இத்தாலிக்குப் போன மகாராணி, ஃப்ளாரன்ஸில் மார்க்கோ என்ற குட்டையனிடம் மனத்தைப் பறிகொடுத்துக் கையோடு கூட்டிவந்தார். ராணியின் மடியில் சின்ன நாய் இருக்க, சீமாட்டிகளின் மடியில் பெரிய நாய் எப்படி இருக்கும்? வம்சமே சுருங்கிப்போனது. இன்றைக்கு அசல் பொமரேனியன் மூன்று கிலோ இருந்தாலே அதிகம்.

ஸ்நோயி ஒன்பது கிலோ.

எடையை விடுங்கள், அதில் பாதி மாரி பிஸ்கட். அசலுக்கு மூஞ்சி குட்டை, பொத்தான் மூக்கு. ஸ்நோயிக்கோ நீண்ட நரிமுகம். உள்ளதைச் சொன்னால் அது இந்தியன் ஸ்பிட்ஸ். வெள்ளைக்காரர் காலத்தில், ஐரோப்பிய ஸ்பிட்ஸ் நாய்களின் வழியில், நம் வெயிலைத் தாங்குகிற மாதிரி இங்கேயே உருவான நாய். 1994இல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' படத்தில் கடிதத்தை ஆள் மாற்றிக் கொடுத்து, நின்றுபோக வேண்டிய காதலைக் கல்யாணத்தில் முடித்துவைத்த டஃபியும் இதே இனம்தான். பங்காளி சினிமா நட்சத்திரம் என்பதில் பெருமைப்படலாம். சாருக்கு அது போதாது. லண்டன் சம்பந்தம்தான் வேண்டும். தடுப்பூசி அட்டையில் 'இந்தியன் ஸ்பிட்ஸ்' என்று எழுதிய டாக்டரிடம் அதற்குப் பிறகு அவர் போகவில்லை.

சீமை வம்சம் என்பதால் ஸ்நோயியிடம் தமிழ் பேசுவது கிடையாது. "ஸ்நோயி, நோ! சிட்! டோன்ட் டிஸ்டர்ப் அங்கிள்!" ஸ்நோயி உட்காராது. அங்கிளின் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். சமையலறையிலிருந்து மாமி "டேய், சாதம்!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், பேன்ட் விடுதலை.

குரைக்கிற விஷயத்தில் பாரபட்சம் இல்லை. கூரியர், பால்காரர், அடுத்த வீட்டுக் குக்கர் எல்லோருக்கும் ஒரே மரியாதை. வீரம் மட்டும் கேட்டுக்கு உள்ளே. வெளியே தெருநாய் ஒன்று சோம்பல் முறித்தாலே மகாராணியின் வாரிசு சாரின் வேட்டிக்குப் பின்னால் ஒதுங்கும். "சண்டைன்னா அவனுக்குப் பிடிக்காது, டிக்னிட்டி பாப்பான்" என்பார் சார்.

கவனிப்பில்தான் வயிற்றைக் கலக்கும். சித்திரை பிறந்ததும் "பாவம், புழுங்குமே" என்று நாய்க்கு மொட்டை. நாய்க்கு உடம்பு முழுக்க நம்மைப் போல வேர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை ஆற்றிக்கொள்ளும். அந்த இரட்டை ரோமம் குளிரை மட்டுமல்ல, வெயிலையும் தடுக்கும். ஒட்டச் சிரைத்தால் சில நாய்களுக்கு மறுபடி சரியாக முளைக்காமலே போய்விடும். சீப்பால் வாரினால் போதும். (வாருவதில் சாரைக் குறை சொல்ல முடியாது. தன் தலையில் வேலை தீர்ந்துபோனவர், இருந்த ஆசையையெல்லாம் அங்கே காட்டுகிறார். உதிர்கிற ரோமம் வருகிற விருந்தாளிகளின் கறுப்பு பேன்ட்டில்.)

தயிர்சாதத்தோடு நிறுத்தினால் பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை சின்ன வெங்காயச் சாம்பார் உண்டு. வெங்காயம், எந்த வெங்காயமானாலும், நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சொன்னால், "அவன் விரும்பிச் சாப்பிடுறானே" என்பார். இந்த உருவத்து நாய்களுக்கு முழங்கால் சில்லு நழுவுவதும் சகஜம். எடை ஏற ஏறத் தொல்லை. சோபாவிலிருந்து குதித்த ஸ்நோயி நொண்டினால், சாரும் மூட்டுவலித் தைலத்தை எடுத்துக்கொண்டு ஓடுவார். அதை நாய் நக்கிவிடும் என்று மாமிதான் பிடுங்கி வைப்பாள்.

ஒன்று சொல்ல வேண்டும். தீபாவளி இரவில் ஸ்நோயி கட்டிலுக்கு அடியில் போய் நடுங்கும்போது, சன்னல்களை அடைத்து, டிவியைச் சத்தமாக வைத்து, வெறுந்தரையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவரும் இவர்தான். அன்றைக்கு இங்கிலீஷ் வராது. "ஒண்ணுமில்லடா, நான் இருக்கேன்ல" என்று சுத்தமான தமிழ்.

போன மாதம் மாடி வீட்டுக்குப் புதிதாக ஒரு ஐ.டி. தம்பதி குடிவந்தார்கள். கையில் ஒரு நாய். இரண்டு கிலோ, ஆரஞ்சு நிறம், பொத்தான் மூக்கு, வம்சாவளிச் சான்றிதழ் வரைக்கும் உண்டு. அசல் பொமரேனியன். சார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு அந்தப் பையனின் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"கவலைப்படாதே தம்பி. கிராஸா இருந்தாலும் நல்லாத்தான் இருக்கு."