ஆயிரத்தைந்நூறு இலையா, ஓட்டமா?

கேள்வி: என் கல்யாணத்துக்கு 1,500 பேரைக் கூப்பிடணும்னு அப்பா நிற்கிறாருங்க. செலவை நினைச்சா, பேசாம ஓடிப்போய்க் கட்டிக்கலாமானு தோணுது. சரிங்களா?
– கோவை வாசகர்

பதில்: ஓடாதீங்க, முதலில் எண்ணுங்க! இலைக்கு 300 ரூபாய் என்று வைத்தாலே 1,500 இலைக்கு நாலரை லட்சம். முதல்நாள் ராத்திரி விருந்து தனி. ஆள் கூடக் கூட மண்டபம் பெரிதாகும், வெளியூர் உறவுக்கு அறைகள் கூடும், தாம்பூலப் பை மூட்டையாகும். எத்தனை பேர் வந்தாலும் ஏறாதது தாலிப் பவுன் ஒன்றுதான். அதனால் நகைக்கடையில் பேரம் பேசுவதைவிட, பட்டியலில் பேரைக் குறையுங்கள்.

கொங்குச் சீருக்குச் சடங்கை நடத்திவைக்கும் அருமைக்காரர் வேண்டும், இணைச்சீருக்கு மாப்பிள்ளையின் சகோதரி வேண்டும். ஐம்பது பேர் கூடினாலும் கல்யாணம் நிறைவாக நடக்கும். சீரும் வேண்டாமென்றால் சுயமரியாதைத் திருமணம் இருக்கிறது. அண்ணா ஆட்சியில் 1967-இல் வந்த சட்டத்திருத்தப்படி, உற்றார் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலே போதும். ஊரைக் கூட்டி நடத்தும் கட்டாயமில்லை என்று 2023-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பிறகு பதிவு செய்துவிடுங்கள்.

சாதியைக் காட்டி வீட்டில் மறுக்கிறார்கள் என்றால் பேச்சே வேறு. சாதி மறுத்து மணந்த இளைஞரை 2016-இல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். அதை நான் மறக்கவில்லை. இத்தகைய தம்பதியருக்காக மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்க 2018-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தாலிக்கு முன்பே ஒரு வழக்கறிஞரோடு போய்க் காவல்துறைப் பாதுகாப்பைக் கேளுங்கள்.