கரண்ட் போனால் மௌன விரதம்

அருப்புக்கோட்டையில் கரண்ட் போனால் முதலில் தெரிவது இருட்டல்ல, விசைத்தறிச் சத்தம் நின்றுபோவதுதான். அந்நேரம் ஓட வேண்டியது மடிக்கணினி ஒன்றுதான். பேட்டரி அதற்குத்தானே இருக்கிறது? லினக்ஸ் போட்ட சில கணினிகளோ தறிக்கு ஆதரவாக அடையாள வேலைநிறுத்தத்தில் இறங்குகின்றன. திரை உறைகிறது, மவுஸ் நகர மறுக்கிறது. கரண்ட் வந்ததும் தறி ஓடும், இது ஓடாது. ரமணர் பிறந்த திருச்சுழி பக்கம்தான் என்றாலும், சமாதி நிலை என்று கும்பிட்டுவிட்டுப் போக முடியுமா?

கடையில் கேட்டால், "அண்ணே, பேசாம விண்டோஸ் போட்டுருவோமா?" 2011-ல் தொடங்கிய அரசு இலவச மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது, அதில் லினக்ஸை அழித்து விண்டோஸை மட்டும் வைத்துக்கொண்ட வீடுகளும் உண்டு.

ஏன் உறைகிறது? கரண்ட் போனாலும் பிளக் கழன்றாலும் லினக்ஸின் மையமான கர்னல் தகவல் சொல்லும். டிஎல்பி (TLP) போன்ற மின்சிக்கன நிரல்கள் உடனே ப்ராசஸர், வைஃபை, டிஸ்க், கிராபிக்ஸ் எல்லாவற்றுக்கும் பத்தியச் சாப்பாடு போடும். அரைத் தூக்கத்துக்குப் போன ஒன்று எழாவிட்டால் மொத்தக் குடும்பமும் படுத்துவிடும். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் நிற்கிற சீமையில் இத்தனை சிக்கனம்!

டிஎல்பியை நிறுத்திவிட்டு பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். பிறகும் உறைந்தால் பயாஸைப் புதுப்பியுங்கள். முந்தைய பூட்டின் கர்னல் பதிவைப் படியுங்கள். கடைசி வரியில் யார் பெயரோ, விசாரணையை அங்கே தொடங்கலாம். அதுவரை கல்யாணப் பத்திரிகை அடிக்கிறவர்கள் வரிக்கு வரி சேமித்துக்கொள்ளுங்கள்.