லயத்து நாற்காலி: மலையக உபசாரவியலுக்கு ஒரு முன்னுரை

பசறை, லுணுகலை, அப்புத்தளைப் பக்கத் தோட்டங்களில் லயத்துக் காம்பரா ஒன்றுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று என்பது ஏறக்குறையப் பொது விதி. வீட்டார் அதில் உட்காருவதில்லை. மடித்த கம்பளியைச் சுமந்தபடி அது சுவரோரம் நின்று வருகிறவருக்காகக் காத்திருக்கும். இத்தனை பொறுப்புள்ள தளபாடத்தை அறிஞர் உலகம் கண்டுகொள்ளாதது வியப்பே.

நமது கருதுகோள் இது: துன்ஹிந்த அருவியில் தண்ணீர் கீழே விழுகிறது, மரியாதையோ எப்போதும் மேட்டை நோக்கியே பாய்கிறது.

களச் சான்றைப் பார்ப்போம். வாசலில் வேட்பாளர் தலை தெரிந்ததும் அக்கா கம்பளியைத் தூக்கி உள்ளே போடுவார். முந்தானையால் இருக்கைக்கு இரண்டு துடைப்பு, கைப்பிடிக்கு ஒன்று. "வாங்கய்யா, குந்துங்க. ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க." தட்டின் பின்வரிசையிலிருந்து பூப்போட்ட கோப்பை இறங்கும். எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் துடைப்பு குறைவதில்லை. ஆகவே இது ஒரு மாறிலி. அதே அக்கா சம்பளத்தில் பேர் குறைந்ததைப் பற்றிக் கேட்கத் தோட்ட ஆபிசுக்குப் போனால் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறார். உள்ளே நாற்காலி இல்லாமலில்லை. அதில் கோப்புகள் உட்கார்ந்திருக்கின்றன.

வரலாறும் நம் பக்கமே. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் பல ஆசனங்களை வென்றது. 1948 குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்டத்து வாக்கைப் பிடுங்கின. வாக்கில்லாத வாசலில் கும்பிட யார் வருவார்? அந்தக் காலத்து முக்காலியில் தூசிதான் குந்தியது. வாக்கு தவணை முறையில் திரும்பியது. 2003 குடியுரிமைச் சட்டத்தோடு மீதியும் வந்து சேர்ந்தது. கும்பிடும் அதே தவணையில் திரும்பியது.

ஆனால் முதன்மைச் சான்று பதுளை நகரத்தில், 2018 ஜனவரியில் கிடைக்கிறது. பாடசாலை அனுமதிக்கு வந்த சிபாரிசை ஏற்காத தமிழ்ப் பெண்கள் பாடசாலை அதிபரை, ஊவா முதலமைச்சர் சாமர சம்பத் தசநாயக்க தமது உத்தியோகபூர்வ இல்லத்துக்கு அழைத்து மண்டியிட வைத்தார் என்று குற்றச்சாட்டு எழுந்தது. அவர் மறுத்தார், கைதாகிப் பிணையில் வந்தார். வழக்கை நீதிமன்றத்துக்கு விட்டுவிடுவோம். உபசாரவியல் கேட்பது சின்னக் கேள்விதான்: மாகாணக் கல்வி அமைச்சும் கையிலிருந்த வீட்டில் நாற்காலிக்கா பஞ்சம்? பெப்ரவரி 10 உள்ளூராட்சித் தேர்தல். அந்த வாரங்களில் லயங்களிலோ துடைப்பு வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது.

மேலிடங்களில் தளபாடம் போதாது என்று சிலர் வாதிடக்கூடும். ஏற்பதற்கில்லை. தேர்தல் கூட்டத்துக்கு வாடகை நாற்காலி லொறி லொறியாக வந்து இறங்குகிறது. முடிந்ததும் எண்ணி ஏற்றுகிறார்கள். ஒன்று குறைந்தால் தோட்டக் கமிட்டித் தலைவர் லயம் லயமாக வருவார். அன்றைக்கு மட்டும் "குந்துங்க" என்றால் குந்தமாட்டார். குனிந்து, நாற்காலியைக் கவிழ்த்து, அடியில் வாடகைக் கடை முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார்.