காபித் தலைவலி சம்பாதிப்பது எப்படி?

தலைவலி யாருக்கும் சும்மா வந்துவிடாது, உழைக்க வேண்டும். பல் தேய்க்கும் முன்பே முதல் டம்ளரைக் கேட்டு வாங்குங்கள். பிறகு டிபனோடு ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, யாராவது வீட்டுக்கு வந்தால் அவரைச் சாக்கிட்டு ஒன்று. எண்ணிக்கை வைத்துக்கொள்ளக் கூடாது. எண்ணுகிறவர்களுக்காகத்தான் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நாளுக்கு 300 மில்லிகிராம் காஃபின் போதும் என்கிறது. 150 மில்லி காபியிலேயே 80 முதல் 120 வரை இருக்கிறதாம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் காபி வேண்டாம் என்பதும் அவர்கள் யோசனைதான். நீங்கள் முருங்கைக்கீரைப் பொரியல் சாப்பிட்ட கையோடு ஒரு டம்ளர் போடுங்கள். கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். தலைவலியோடு சோகையும் வந்தால் வேண்டாம் என்பீர்களா?

வலி வரும் வழியையும் தெரிந்துகொள்ளுங்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் சேர்ந்து தூக்கத்தைக் கூப்பிடும். காஃபினோ பஸ்ஸில் துண்டு போடுகிற ஆசாமி: அடினோசின் உட்கார வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தினமும் இப்படி நடந்தால் மூளை கூடுதல் சீட் போட்டு வைக்கும். ஒருநாள் துண்டு விழவில்லை என்றால் மொத்தக் கூட்டமும் ஏறி உட்காரும், மூளையின் ரத்தக் குழாய்கள் விரியும், நெற்றிப்பொட்டு தெறிக்கும்.

ஜாக்கிரதை: சிக்கரியில் நிறமும் கசப்பும் உண்டு, காஃபின் துளியும் கிடையாது. சிக்கரியை வாரிக் கொட்டும் வீட்டில் குடித்தால் உழைப்பு பாதி வீண்.

மாலைக் காபியை விட்டுவிடாதீர்கள். ஐந்து மணிக்குக் குடித்ததில் ஏறக்குறைய பாதி இரவு பத்து மணிக்கும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் இன்னொரு டம்ளருக்கு நியாயம் கிடைக்கும். (கர்ப்பிணிகள் இந்த விளையாட்டுக்கு வர வேண்டாம். அவர்கள் உடம்பிலிருந்து காஃபின் வெளியேற வெகுநேரம் ஆகும். 200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.)

இனி ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரச் சொல்லும் நாளுக்குக் காத்திருங்கள். கடைசி டம்ளர் முடிந்து 12 முதல் 24 மணி நேரத்துக்குள் பலன் தெரியும். காபியை அடியோடு விட்டால் ஒரு வாரம்கூட நீடிக்கும்.

இவ்வளவு சொல்லியும் தலைவலி வேண்டாம் என்பவர்கள் ஒரேயடியாக நிறுத்தாமல், சில நாளுக்கு ஒருமுறை அரை டம்ளராகக் குறைத்துக்கொண்டு வரலாம். "ஏன், இன்னிக்குக் காபி நல்லா இல்லையா?" என்று வீட்டில் கேட்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது என்பது இந்தக் கட்டுரையில் அடங்காது.