காலண்டர் சார்

நாள்காட்டியில் தாள் கிழிக்க வீட்டுக்கு ஒருவர் உண்டு. தெருவுக்கே சேர்த்துக் கிழிக்கவும் ஒருவர் உண்டு. எங்கள் கும்பகோணத்துத் தெருவில் அவருக்குக் காலண்டர் சார் என்று பெயர். உங்கள் தெருவில் வேறு பெயராக இருக்கலாம், ஆள் இவர்தான்.

ஊர் உலகத்தில் எல்லோரும் நேற்றைய தாளைக் கிழித்துவிட்டு இன்றைய தாளைப் பார்ப்பார்கள். இவர் இன்றைய தாளையே கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பால் பூத்துக்கு வந்துவிடுவார். அதனால் அவர் வீட்டுச் சுவரில் எப்போதும் நாளைய தேதிதான் தொங்கும். அவர் வீட்டம்மா ஒருமுறை சஷ்டி விரதத்தைப் பஞ்சமியிலேயே இருந்து முடித்துவிட்டதாகத் தெருவில் பேச்சு. அவரிடம் கேட்டால், "அது வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் உள்ள வித்தியாசம் சார்" என்று முடித்துவிடுவார்.

பால் வாங்க வந்தவர்கள் அவரைத் தாண்டித்தான் வரிசைக்குப் போக வேண்டும். முதலில் பஞ்சாங்கம். "இன்னிக்கு வியாழன். தெற்கே சூலம். பரிகாரம் தைலம்" என்று மன்னார்குடி பஸ்ஸுக்கு ஓடுகிறவரை நிறுத்துவார். நின்ற நேரத்தில் பஸ் போய்விடும். "பாத்தீங்களா, சூலம் வேலை செய்யுது!" என்பார்.

அடுத்தது வானிலை. ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் வானிலை மையத்தின் அறிக்கையை எழுத்துப் பிசகாமல் ஒப்பிப்பார். "டெல்டா மாவட்டங்களில் ஒருசில இடங்களில் லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்." மழை பெய்தால் நம் தெருவும் அந்த ஒருசில இடங்களில் சேர்த்தி. பெய்யாவிட்டால் அந்த இடம் பாபநாசம். எப்படிப் பார்த்தாலும் அவர் சொன்னது பலித்துவிடும்.

ஒருநாள் விடாமல் அடித்து ஊற்றியது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடையும் கையுமாக எதிரே வந்தார். "என்ன கனமழை சார் இது!" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "கனமழைன்னு சொல்லக் கூடாது சார். 24 மணி நேரத்துல 64.5 மில்லிமீட்டரைத் தொட்டாத்தான் கனமழை. இது மிதமான மழை" என்றார். எங்கள் இருவருக்கும் நடுவே யார் வீட்டுச் செருப்போ ஒன்று மிதந்து போயிற்று. நானும் மிதமாகத் தலையாட்டினேன்.

பிறகு உள்ளூர்ச் செய்தி. மேட்டூரில் 120 அடிக்கு எத்தனை அடி குறைச்சல், ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பார்களா மாட்டார்களா, மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்டு எந்தப் பக்கம் போகும், 2028 மகாமகத்துக்கு யார் யார் வீட்டில் எத்தனை சொந்தக்காரர்கள் வந்து தங்குவார்கள் என்பது வரை எல்லாம் வரும். ஆடிப்பெருக்கு அன்றே சிவகாசியில் அடுத்த ஆண்டு காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டுவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். எனவே இந்த ஆண்டு தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிறவர்களிடம் அடுத்த ஆண்டு தீபாவளி என்ன கிழமை என்று சொல்லி அனுப்புவார்.

இதுவரை பொறுத்துக்கொள்ளலாம். எங்கே தொடங்கினாலும் அவர் வந்து நிற்கும் இடம் ஒன்று இருக்கிறது பாருங்கள், அதுதான் தாங்க முடியாதது. கல்விக் கடன்.

அதற்கு அவர் ஏறி வரும் வாகனம் 'இன்றைய தினம்'. வருஷத்தில் தினமில்லாத தினமே கிடையாது. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். "தண்ணியைச் சிக்கனமா செலவழிக்கணும் சார். பணத்தையும்தான். ஆமா, உங்க பையன் லோன் இன்னும் எவ்வளவு பாக்கி?" பின்னால் வரிசையில் பன்னிரண்டு பேர் நிற்கிறார்கள். பால்காரர் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் பதிலுக்காகக் காத்திருக்கிறார்.

மே 2 உலகச் சூரை மீன் தினம். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, ஐக்கிய நாடுகள் சபையே அறிவித்தது. மீனுக்கும் லோனுக்கும் முடிச்சுப் போட வழியில்லை என்று அன்று நிம்மதியாகப் பை எடுத்துக்கொண்டு போனேன். "சூரைன்னா ஆழ்கடல் மீன் சார். கடனும் அப்படித்தான். ஆழம் தெரியாம இறங்கக் கூடாது. தம்பி இந்த மாசத் தவணை கட்டிட்டானா?"

நவம்பர் 19-ல் உலக ஆண்கள் தினமும் வரும், உலகக் கழிவறை தினமும் வரும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே வாழ்த்துச் சொல்லிவிட்டு, ஆண் பிள்ளைக்குப் பொறுப்பு வேண்டும் என்று ஆரம்பித்தார். எங்கே போய் முடிந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அக்டோபர் 30 உலக சிக்கன நாள். அன்று பால் பூத்தோடு விடமாட்டார். வீட்டுக்கே வந்து, சர்க்கரை தூக்கலாக ஒரு காபி குடித்துவிட்டு, சிக்கனத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போவார். அக்டோபர் 15 கலாம் பிறந்த நாள், மாணவர் தினம். உலகக் கைகழுவும் தினமும் அதே தேதிதான். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தவர், அன்று ஒன்றும் சேர்த்துச் சொல்லவில்லை. சொல்லத் தேவைப்படவும் இல்லை.

எங்கள் பையன் பொறியியல் முடித்துச் சென்னையில் வேலை பார்க்கிறான். ஊருக்கு வந்தால் இப்போதெல்லாம் தெரு வழியாக வருவதில்லை. கொல்லைப்புறச் சந்து வழியாக வருகிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்து முனையில் காலண்டர் சார் நின்றுகொண்டிருந்தார். "இன்னிக்கு மேற்கே சூலம், அதான் இந்தப் பக்கமா வந்தேன். எப்படிப்பா இருக்கே? லோன் எப்படிப் போகுது?"

அவன் வாங்கிய கடனை அடைக்க அவரிடம் ஒரு மருந்தும் இருக்கிறது. மைத்ர முகூர்த்தம். அசுவினி நட்சத்திரத்தில் மேஷ லக்னம், அனுஷத்தில் விருச்சிக லக்னம் வரும் நேரம் அது. அந்த நேரத்தில் அசலில் ஒரு நூறு ரூபாயாவது கட்டினால் கடன் மளமளவென்று தீர்ந்துவிடுமாம். மாதாமாதம் நேரம் குறித்துப் பையனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். ஒருமுறை விடியற்காலை மூன்று மணிக்கு அமைந்தது. பையனும் பெரியவர் வார்த்தைக்காக அலாரம் வைத்து எழுந்தான். வங்கியின் செயலி அந்த நேரத்தில் பராமரிப்பில் இருந்தது. "கடனே தீரக் கூடாதுன்னு வேணும்னே மூடி வெச்சிருக்கான் பாரு" என்று வங்கியைத் திட்டினார். அந்த ஒருநாள் மட்டும் எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

வங்கிக்கு நாள் நட்சத்திரம் எல்லாம் கிடையாது. ஐந்தாம் தேதி என்றால் ஐந்தாம் தேதி. பையனுக்குச் சந்திராஷ்டமமாயிற்றே, இரண்டு நாள் கழித்து எடுத்துக்கொள்வோம் என்று எந்த வங்கியும் யோசித்ததில்லை. கணக்கில் பணம் குறைந்து தவணை திரும்பினால் அதற்குத் தனியாக ஒரு கட்டணம். ஐந்தாம் தேதி திங்கட்கிழமையாக அமைந்தால் காலண்டர் சார் முதல் நாள் இரவே போன் செய்துவிடுவார். "ஏழரைக்கு ராகு காலம் வருது, அதுக்கு முன்னாடி பணத்தைப் போட்டு வெச்சுடு தம்பி." பையனுக்கு ரிஷப ராசி. ஒருமுறை தவணை போன அன்று, தாளில் ரிஷபத்துக்கு நேரே 'வரவு' என்று போட்டிருந்தது. காலண்டர் சார் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். "வங்கிக்கும் ரிஷப ராசிதான் போலிருக்கு" என்றார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இந்தக் கடன் கணக்கைப் புரிகிற மாதிரி சொன்னவர் அவர் ஒருவர்தான். 4 லட்சம் வரை சொத்து ஈடு வேண்டாம், படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கிடையாது என்பதை வங்கியில் இனிக்க இனிக்கச் சொல்வார்கள். தவணைக்குத்தான் விடுமுறை, வட்டிக்கு இல்லை என்பதைக் காலண்டர் சார்தான் எழுதிக் காட்டினார். பையிலிருந்த தாளைத் திருப்பிப் போட்டு, பால் பூத் மேடையிலேயே வைத்து எழுதினார். ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் நான்கு ஆண்டுகள். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு வட்டி, அடுத்ததற்கு நான்கு, அதற்கடுத்ததற்கு மூன்று, கடைசிக்கு இரண்டு. ஆக, தனி வட்டியே 1,40,000. முதல் தவணை கட்டப் போகும் நாளில் 4 லட்சம் என்பது 5,40,000 ஆகியிருக்கும். பின்பக்கத்தில் அவர் எழுதிய 5,40,000 மெல்லிய தாளில் முன்பக்கமும் தெரிந்தது. சரியாக 'நல்ல நேரம்' என்று அச்சடித்திருந்த இடத்தில்.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால் அந்த ஐந்தாண்டு வட்டிக்கு மத்திய அரசின் மானியம் கேட்கலாம் என்று பூக்கட்டும் அம்மாவின் மகளுக்குச் சொன்னவரும் அவர்தான். வருமானச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸுக்குக் கூடவே போனார். நல்ல நேரம் பார்த்துத்தான் போனார். அன்று அதிகாரி வரவில்லை. மறுநாள் அந்தப் பெண் தனியாகப் போய் ராகு காலத்தில் வாங்கி வந்தாள். இந்த விஷயம் மட்டும் அவருடைய காலைச் செய்தியில் இடம்பெறவில்லை.

இருந்தாலும் மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் வீட்டுக் கடன் இருக்கிறது, நகைக் கடன் இருக்கிறது, கைமாற்று இருக்கிறது. கைமாற்று வாங்கிவிட்டு மூன்று தீபாவளியாக எதிர்ப்படாமல் சுற்றுகிற பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களை யாரும் பால் பூத்தில் நிறுத்திக் கேட்பதில்லை. கேட்டால் கைகலப்பு. 23 வயதுப் பிள்ளையின் கடன் பாக்கி மட்டும் மேட்டூர் அணை நீர்மட்டம் மாதிரி தினமும் ஊருக்கு அறிவிக்கப்படுகிறது. அந்தப் பணத்தை அவன் தின்று தீர்க்கவில்லை. நான்கு ஆண்டும் கட்டணமாக வாங்கிக்கொண்டது கல்லூரி. அந்தத் தாளாளர் காரில் இதே வழியாகத்தான் போகிறார். அவரை மறித்து, "படிச்ச பிள்ளைக்கு நீங்க சொன்ன வேலை எங்கே சார்?" என்று ஒருவரும் கேட்டதில்லை. தேர்தல் வந்தால் கல்விக் கடன் தள்ளுபடி என்று பேசுகிறவர்களும் இதே பால் பூத் முன்னால்தான் கும்பிட்டுக்கொண்டு போகிறார்கள். அவர்களிடம் காலண்டர் சார் பாக்கியைக் கேட்பதில்லை. மனுத் தாக்கலுக்கு நல்ல நேரம் குறித்துக் கொடுக்கிறார்.

ஆகையால் ஊரிலுள்ள காலண்டர் சார்கள் எல்லோருக்கும் ஒரு விண்ணப்பம். மழை வருமா என்று சொல்லுங்கள், கரண்டு எப்போது போகும் என்று சொல்லுங்கள், சூரை மீனுக்கும் வாழ்த்துச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம். கடனைப் பற்றிப் பிள்ளைகளிடம் வங்கி மாதாமாதம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. கேட்பதற்கு வட்டியும் வாங்கிக்கொள்கிறது. அந்த வேலையை நீங்கள் சும்மா செய்து தர வேண்டாம்.