இருபது விநாடிக் குற்றம்

2017 நவம்பரில் ஜப்பானின் சுகுபா எக்ஸ்பிரஸ் ரயில் ஒன்று 20 விநாடி முன்னதாகக் கிளம்பிவிட்டது. நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது, உலகம் மெய்சிலிர்த்தது. இங்கே ஜப்பானில் பிழைக்கவந்த அந்நியர்களான நமக்கோ (நம்மூர் ரயிலை நினைத்துக்கொண்டு) பெருமூச்சு. ஆனால் அந்த மன்னிப்புக்கு யார் செலவழிக்கிறார்கள்? மரியாதைதானே, யாருக்கு என்ன நஷ்டம் என்பார்கள். நஷ்டம் உண்டு: 2005இல் ஜப்பானின் அமகசாகியில், ஒன்றரை நிமிடத் தாமதத்தோடு வளைவில் அதிவேகமாகப் பாய்ந்த ரயில் தடம்புரண்டு 107 பேர் மாண்டார்கள். தாமதித்த ஓட்டுநர்களுக்கு ‘மறுபயிற்சி’ என்ற பெயரில் அவமானத் தண்டனை காத்திருந்ததும் அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. பயணிக்குப் பணிவு, ஓட்டுநருக்குப் பயம். இரண்டும் ஒரே கணக்கேட்டின் வரவும் செலவும்.

மன்னிப்பு ரயிலோடு நிற்கவில்லை. 2016இல் காரிகாரி குன் குச்சி ஐஸ் விலையை 10 யென் ஏற்றியதற்காக அதன் கம்பெனியார் விளம்பரத்தில் வரிசையாக நின்று தலைகுனிந்தார்கள். அந்த விலையேற்றம் 25 ஆண்டுகளில் முதல் தடவை.